வீட்டில் இத்தாலியச் சமையல்: தக்காளி ஸ்பகெட்டியிலிருந்து தொடங்குங்கள்

இத்தாலியச் சமையல் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் பீட்சாவிலோ லசானியாவிலோதான் கை வைக்கிறார்கள். இரண்டுமே தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல. பீட்சாவுக்கு வீட்டு ஓவன் தராத சூடு வேண்டும். லசானியா என்பது மூன்று நான்கு தனித்தனி வேலைகள் சேர்ந்த பண்டம். ஒன்று சறுக்கினாலும் எது சறுக்கியது என்றே தெரியாது. தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், ஸ்பகெட்டி என்று நாலே பொருளில் தொடங்குங்கள். பாஸ்தா வெந்த தண்ணீரையும் எண்ணெயையும் வாணலியில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் இந்தச் சமையலின் பாதி வித்தை. அது கைக்குப் பழகிவிட்டால் அடுத்த பத்து பண்டங்கள் தானாக வரும்.

எந்த ஊர்ப் பண்டம் என்று பாருங்கள்

இத்தாலி ஒரே நாடானது 1861-இல்தான். சமையல் இன்றும் ஊருக்கு ஊர் வேறு. வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் நெல் விளைகிறது; மாடு வளர்ப்பும் அதிகம். அதனால் அரிசியைச் சாற்றில் குழைய வேகவைக்கும் ரிசோட்டோ, வெண்ணெய், முட்டை போட்டுப் பிசைந்த பாஸ்தா எல்லாம் அங்கே. தெற்கே ஆலிவ் எண்ணெய், தக்காளி, முட்டையில்லாத உலர் பாஸ்தா. நடுவில் ரோமில் செம்மறியாட்டுப்பால் சீஸான பெக்கொரீனோவும் மிளகும்.

செய்முறை ஒன்றைப் படிக்கும்போது அது எந்த ஊருடையது என்று பார்த்துவிட்டால், எந்தக் கொழுப்பு, எந்தச் சீஸ், எந்தப் பாஸ்தா என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஊர் பெயரே இல்லாமல் 'இத்தாலியன் பாஸ்தா' என்று மட்டும் போட்டு, க்ரீமும் பூண்டுத்தூளும் ஆரிகானோவும் ஒன்றாகக் கொட்டச் சொல்லும் செய்முறைகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

கடையில் வாங்க வேண்டியவை

பாஸ்தா பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'டுரம் கோதுமை ரவை' என்று இருக்க வேண்டும். டுரம் கடினமான கோதுமை; கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் குழையாமல் கடிபதத்தில் நிற்கும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டுரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே வந்தது. மைதா கலந்தது விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் வெந்ததும் கூழாகிவிடும். அடுத்து, பாஸ்தாவின் மேற்பரப்பைப் பாருங்கள். வெண்கல அச்சில் பிழிந்தது மாவு தடவியதுபோல வெளிறி, சொரசொரப்பாக இருக்கும். சாஸ் அதில் நன்றாக ஒட்டும். வழவழப்பாக மஞ்சளாக மின்னுவது டெஃப்லான் அச்சில் வந்தது. நேப்பிள்ஸ் அருகே உள்ள கிரன்யானோ ஊர் வெண்கல அச்சுப் பாஸ்தாவுக்குப் பேர்போனது. கிடைத்தால் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நல்ல டுரம் பாஸ்தா எதுவானாலும் சரி.

தக்காளியில் எளிய வழி, தோல் உரித்த முழுத் தக்காளி டின். வெசுவியஸ் எரிமலைப் பக்கத்தில் விளையும் சான் மர்சானோ வகைக்குப் புகழும் அதிகம், விலையும் அதிகம். அது கட்டாயமில்லை. டின் இல்லாமல் பழுத்த புதுத் தக்காளியில் செய்வதானால் பெங்களூர் தக்காளி என்று நம் கடைகளில் சொல்வதையே எடுங்கள். சதை தடிமன், சாறும் விதையும் குறைவு. நாட்டுத் தக்காளி ரசத்துக்கு அருமை, இங்கே புளிப்பு தூக்கிவிடும்.

ஆலிவ் எண்ணெய் எக்ஸ்ட்ரா வர்ஜினாக இருக்கட்டும். அந்தப் பெயருக்கு அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதிகளில் ஒன்று. அடர் நிறக் கண்ணாடிப் பாட்டிலில் சின்னதாக வாங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். வெளிச்சமும் சூடும் அதன் மணத்தைக் கொன்றுவிடும்.

சீஸ் விஷயத்தில் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா படானோ, பெக்கொரீனோ ரொமானோ மூன்றிலும் பாலைத் திரிக்க, கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் சேர்க்கிறார்கள். இந்தியாவில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் பார்மேசான் வகைச் சீஸ்களில் அது இருக்காது. சைவர்கள் அதையே வாங்கலாம். எந்தச் சீஸானாலும் கட்டியாக வாங்கி, தேவையானபோது துருவுங்கள். டப்பாவில் வரும் துருவிய தூளில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் கலந்திருப்பார்கள். அது சாஸில் சரியாகக் கரையாது.

பேசில் இலைக்குப் பதில் துளசியைப் போட்டுவிடாதீர்கள். துளசி காரமும் கற்பூர வாசமுமாகச் சாஸையே மாற்றிவிடும். திருநீற்றுப்பச்சிலை பேசிலின் இனம்தான், ஆனால் மணம் சற்று முரடு. ரெண்டு இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேசில் விதை வாங்கித் தொட்டியில் போட்டால் நன்றாகவே வளரும். வெயில் வேண்டும், பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பாத்திரத்துக்குப் பெரிதாகச் செலவு வேண்டாம். ஆழமான பெரிய பாத்திரம் ஒன்று, பாஸ்தாவைப் புரட்ட இடம் தரும் அகலமான வாணலி ஒன்று, இடுக்கி, சீஸ் துருவி. இவை போதும்.

பாஸ்தாவை வேக வைப்பது

இத்தாலிய வீடுகளில் கணக்கு இது: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. ஓர் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் பாஸ்தா. பத்து கிராம் என்பது தூள் உப்பில் இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. அதிகமாகத் தெரியலாம், ஆனால் பெரும்பகுதி தண்ணீரோடே தங்கிவிடும். பாஸ்தாவுக்குள்ளே உப்பு ஏறுவதற்கு வேறு நேரமே இல்லை. வெந்த பிறகு மேலே தூவினால் மேலேயேதான் நிற்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு உப்பு, அப்புறம் பாஸ்தா. ஸ்பகெட்டியை உடைக்க வேண்டாம். பாத்திரத்தில் நிற்க வையுங்கள், அரை நிமிடத்தில் வளைந்து உள்ளே போய்விடும். முதல் ஒரு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். ஒன்றோடொன்று ஒட்டுவது அப்போதுதான். தண்ணீரில் எண்ணெய் ஊற்றுவதால் பலன் இல்லை. எண்ணெய் மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவில் பூசிக்கொண்டு சாஸை ஒட்டவிடாமல் செய்யும். அதேபோல் வடித்த பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசவும் கூடாது. நமக்கு வேண்டிய மாவுச்சத்து முழுக்க அதோடு போய்விடும்.

பாக்கெட்டில் 10 நிமிடம் என்று போட்டிருந்தால் 7-ஆவது நிமிடத்திலேயே ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். கடித்த இடத்தில் நடுவே வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும்போது பாஸ்தாவை எடுத்துவிட வேண்டும். மீதி வேக்காடு சாஸில் நடக்கட்டும். வடிப்பதற்கு முன் ஒரு பெரிய கப் நிறையக் கொதிநீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

முதல் பண்டம்: தக்காளி ஸ்பகெட்டி

தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். நேப்பிள்ஸில் 1690-களில் அச்சான சமையல் நூல் ஒன்றில்தான் இத்தாலியின் முதல் தக்காளிச் சாஸ் குறிப்பு இருக்கிறது, அதுவும் ஸ்பானிய முறை என்ற பெயரோடு. பாஸ்தாவோடு அது சேர இன்னும் சுமார் நூறு வருடம் ஆனது. இன்று தென் இத்தாலியில் இது இல்லாத வீடு இல்லை.

இரண்டு பேருக்கு: ஸ்பகெட்டி 200 கிராம், டின் தக்காளி 400 கிராம் (புதுத் தக்காளி என்றால் 600 கிராம்), ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், பேசில் ஐந்தாறு இலை, உப்பு.

புதுத் தக்காளியானால் அடியில் சிலுவைபோல் கீறி, கொதிநீரில் முக்கால் நிமிடம் போட்டுக் குளிர்ந்த நீருக்கு மாற்றுங்கள். தோல் கையோடு வந்துவிடும். விதையை வழித்துவிட்டுச் சதையைக் கையால் நசுக்கிக்கொள்ளுங்கள். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் காற்று புகுந்து சாஸ் வெளிறி ஆரஞ்சு நிறமாகும், விதை அரைபட்டால் கசக்கவும் செய்யும்.

இங்கே நம் கைப்பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். தாளிப்புக்கு எண்ணெயைக் காய வைத்துத்தான் எதையும் போடுவோம். இதில் பூண்டை நசுக்கி, காயாத எண்ணெயில் போட்டு, சிம்மில் அடுப்பைப் பற்ற வையுங்கள். எண்ணெய் மெதுவாகச் சூடேறும்போது பூண்டின் மணம் அதற்குள் இறங்கும். பூண்டைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள் வந்து, நிறம் வைக்கோல் நிறத்துக்குத் திரும்பியதும் தக்காளியை ஊற்றுங்கள். பழுப்பானால் கசப்பு வந்துவிடும். உப்புச் சேர்த்து, மூடாமல், மிதமான தீயில் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் ஒரு கணம் நிற்க வேண்டும். ஓரத்தில் எண்ணெய் லேசாகத் தெரிய வேண்டும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொக்கு பதத்துக்குப் போனால் தக்காளியின் பழ ருசி போய்விடும். வெங்காயம், மிளகாய்த்தூள், ஆரிகானோ எதுவும் இப்போது வேண்டாம். தக்காளி எப்படி ருசிக்கிறது என்று நாக்குக்குத் தெரியட்டும். ரொம்பப் புளித்தால் மட்டும் ஒரு சிட்டிகைச் சர்க்கரை.

பூண்டை எடுத்துப் போட்டுவிடுங்கள். வெந்துகொண்டிருக்கும் ஸ்பகெட்டியை இரண்டு நிமிடம் முன்னதாகவே இடுக்கியால் எடுத்து நேராகச் சாஸுக்கு மாற்றுங்கள். சொட்டும் தண்ணீர் அதோடு வரட்டும். அரை கரண்டி பாஸ்தா நீர் ஊற்றி, தீயைக் கூட்டி, வாணலியை ஆட்டிக்கொண்டே புரட்டுங்கள். முதலில் இழைகள் ஒருபக்கமும் நீர்த்த சாஸ் ஒருபக்கமுமாகச் சளசளவென்று சத்தம் கேட்கும். ஒரு நிமிடம் போனதும் சத்தம் மாறும். ஈரச்சத்தம் அடங்கி, இழை வாணலியில் உரசும் மெல்லிய ஓசை வரும். சாஸ் மினுமினுப்பாக ஒவ்வோர் இழையையும் சுற்றிக்கொண்டிருக்கும், வாணலியில் தனியாகத் தேங்கியிருக்காது. நீரில் கரைந்த மாவுச்சத்து எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியாமல் பிடித்துக்கொண்டதால் வந்த மாற்றம் அது. அடுப்பை அணைத்து, பேசிலைக் கையால் கிள்ளிப் போட்டு, கொஞ்சம் சூடாக்காத ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் புரட்டி, உடனே பரிமாறுங்கள். சீஸ் விருப்பம்போல.

இந்த ஒரு பண்டத்தைக் கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

பூண்டும் எண்ணெயும், பிறகு மிளகும் சீஸும்

தக்காளியை எடுத்துவிட்டால் நேப்பிள்ஸின் அல்யோ எ ஒல்யோ. இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 60 மில்லி எண்ணெய், மெல்லியதாக அரிந்த பூண்டு மூன்று நான்கு பல், காய்ந்த மிளகாய் ஒன்று, பார்ஸ்லி இருந்தால் ஒரு கைப்பிடி. அதே குளிர்ந்த எண்ணெய்த் தொடக்கம்தான். பூண்டு பொன்னிறத்தை எட்டும் நொடியில் ஒரு கரண்டி பாஸ்தா நீரை ஊற்றினால் அது அதற்கு மேல் சிவக்காது. பிறகு ஸ்பகெட்டியைப் போட்டுப் புரட்டுங்கள். ஒளிந்துகொள்ளத் தக்காளிகூட இல்லாததால், எண்ணெயும் நீரும் சேர்ந்ததா இல்லையா என்பது தட்டிலேயே தெரிந்துவிடும். அடியில் எண்ணெய் தேங்கினால் இன்னும் கொஞ்சம் நீர் ஊற்றிப் புரட்டியிருக்க வேண்டும் என்று அர்த்தம்.

ரோமின் காச்சோ எ பேபே அடுத்த படி. பெக்கொரீனோ சீஸ், மிளகு, பாஸ்தா நீர், வேறொன்றும் கிடையாது. யவனர் கப்பல்கள் முசிறியிலிருந்து மிளகு ஏற்றிப் போனதைச் சங்கப் பாடலே சொல்கிறது. ரோமுக்கும் மிளகுக்கும் அவ்வளவு பழைய உறவு. மிளகை ஒன்றிரண்டாகப் பொடித்து வாணலியில் வறுத்து, பாஸ்தா நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். 200 கிராம் ஸ்பகெட்டிக்கு 80 கிராம் சீஸைப் பொடியாகத் துருவி, ஆறிய பாஸ்தா நீரில் கெட்டியாகக் குழைத்து வையுங்கள். பாஸ்தா வாணலிக்கு வந்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் சூடு தணிந்த பிறகுதான் இந்தக் குழைவைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சூட்டில் சீஸின் புரதம் இறுகி, ரப்பர்போலத் திரண்டுவிடும். ரோமின் இன்னொரு பாஸ்தாவான கார்போனாராவிலும் முட்டைக்கு இதே எச்சரிக்கைதான். அதில் க்ரீம் கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். முட்டை மஞ்சள்கரு, பெக்கொரீனோ, மிளகு, பன்றிக் கன்னத்து இறைச்சியான குவன்ச்சாலே, இவைதான்.

கொண்டைக்கடலைப் பாஸ்தா

இது ஏன் நம் வீடுகளில் பரவவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். சைவம், மலிவு, வயிறு நிறையும். வெள்ளைக் கொண்டைக்கடலை 150 கிராமை இரவே ஊற வைத்து, காலையில் குக்கரில் மெத்தென்று வேகவிடுங்கள். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டும் ஒரு கொத்து ரோஸ்மேரியும் போட்டு, மணம் வந்ததும் ஒரு தக்காளியை நசுக்கிச் சேர்த்து, கடலையையும் வெந்த நீரையும் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடலையில் மூன்றில் ஒரு பங்கை மத்தால் மசித்துத் திரும்பச் சேர்த்தால் சாறு கெட்டிப்படும். பிறகு குட்டிக் குழல் பாஸ்தா 120 கிராமை அதிலேயே போட்டு வேகவிட வேண்டும். தனியாக வேகவைத்தால் மாவுச்சத்து உள்ளே வராது. அடிபிடிக்காமல் கிளறி, தேவைக்கு வெந்நீர் சேர்த்து, கஞ்சிக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட பதத்தில் இறக்குங்கள். மேலே நல்ல ஆலிவ் எண்ணெய், மிளகு.

ரிசோட்டோ

பாஸ்மதியில் ரிசோட்டோ வராது. அது உதிரியாக நிற்கும் அரிசி. இங்கே மாவுச்சத்தை வெளியே விடும் குண்டரிசி வேண்டும். ஆர்போரியோ நம் பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கிறது, கார்னரோலி கிடைத்தால் இன்னும் நல்லது. ஓர் ஆளுக்கு 80 கிராம். அரிசியைக் கழுவவே கூடாது.

காய்கறிச் சாறு முக்கால் லிட்டரைப் பக்கத்து அடுப்பில் சூடாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் பொடியாக அரிந்த வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டு பேருக்கு 160 கிராம் அரிசியைப் போட்டு, ஓரம் கண்ணாடிபோல் ஆகும்வரை இரண்டு நிமிடம் வறுங்கள். இத்தாலியில் இந்த இடத்தில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். சேர்க்காதவர்கள் கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாறு விடலாம். பிறகு சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அது வற்றி வரும்போது அடுத்த கரண்டி. பதினேழு பதினெட்டு நிமிடத்தில் அரிசி வெந்துவிடும், நடுவில் மட்டும் லேசான கடி இருக்கும். அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெய் 25 கிராம், துருவிய சீஸ் ஒரு கைப்பிடி சேர்த்து வேகமாகக் கிளறுங்கள். தட்டில் போட்டுக் கீழே தட்டினால் மெதுவாகப் பரவ வேண்டும். குவியலாக நின்றால் சாறு போதவில்லை. குங்குமப்பூவைச் சாற்றில் ஊற வைத்துச் சேர்த்தால் மிலானோ முறை.

கையால் செய்யும் பாஸ்தா

பொலோனியாப் பக்கத்துக் கணக்கு 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. மைதாவே போதும். பத்து நிமிடம் பிசைந்து, மூடி அரை மணி நேரம் ஊறவிட்டு, சப்பாத்திக்கட்டையால் கை தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து, மாவு தூவிச் சுருட்டி நறுக்கினால் தல்யதெல்லே. வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-இல் பொலோனியாவின் வணிகச் சங்கத்தில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள்! வீட்டில் அவ்வளவு அளவு பார்க்க வேண்டாம். முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தெற்கே புல்யாவின் ஒரெக்யெத்தே இருக்கிறது. நைசான டுரம் ரவை 200 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 100 கிராம், அவ்வளவே மாவு. சின்ன உருண்டையைக் கத்தி முனையால் இழுத்துக் கட்டைவிரலில் கவிழ்த்தால் ஒரு குட்டிக் கிண்ணம். பாரி நகரின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து இதைச் செய்து விற்கிறார்கள்.

தல்யதெல்லேவுக்கு இணை, இறைச்சி ராகூ. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக அரிந்து எண்ணெயில் மெதுவாக வதக்கி, கொத்துக்கறியைச் சேர்த்து நீர் முழுக்க வற்றிச் சிவக்கும்வரை வறுத்து, கொஞ்சம் தக்காளி விழுது, சாறு ஊற்றி, குறைந்தது இரண்டு மணி நேரம் மிகச் சின்னத் தீயில் வைக்க வேண்டும். பொலோனியாவில் மாட்டுக்கறி, அப்ரூட்சோ மாகாணத்தில் ஆட்டுக்குட்டிக் கறியிலும் ராகூ வைப்பார்கள், அதனால் மட்டன் கொத்துக்கறியில் தயங்காமல் செய்யலாம். குக்கரில் வைத்தால் கறி வேகும், ஆனால் சாறு சுண்டி வரும் ஆழம் வராது.

பீட்சா பற்றி ஒரு வார்த்தை. நேப்பிள்ஸில் 430 டிகிரிக்கு மேல் எரியும் விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. வீட்டு ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். அதற்கு ஏற்றது தட்டில் ஊற்றிச் சுடும் ஃபொக்காச்சா ரொட்டிதான். நீர் அதிகமாகச் சேர்த்த மாவு, தாராளமாக ஆலிவ் எண்ணெய், விரலால் குழிபறித்து மேலே கல் உப்பு, 220 டிகிரியில் இருபது இருபத்தைந்து நிமிடம்.

மிஞ்சிய ஸ்பகெட்டியைத் திரும்பச் சூடு பண்ணாதீர்கள். நேப்பிள்ஸ்காரர்கள் அதை முட்டையில் கலந்து கெட்டியான அடையாகச் சுட்டு, கடற்கரைக்குப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். இரண்டு கப் ஸ்பகெட்டிக்கு மூன்று முட்டை, ஒரு கைப்பிடி சீஸ், மிளகு. எண்ணெய் தடவிய வாணலியில் ஊற்றி மிதமான தீயில் ஒருபக்கம் ஏழெட்டு நிமிடம், தட்டை மேலே கவிழ்த்துத் திருப்பி மறுபக்கம் ஐந்து நிமிடம். சூட்டோடு வெட்டினால் உதிரும். நன்றாக ஆறவிட்டு வெட்டுங்கள்.